பதின்மூன்றில் பதினொன்று

நாகூர்
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மருமகனுக்கு,



உன் கடிதத்தை முதலில் பிரித்தது உன் உம்மா. "கடைசிக் கையில் கோட்டை விட்டுட்டேன் மாமா, 13 போச்சு" என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மகன் சீட்டாட்டத்தில் பதின்மூன்றாயிரத்தைத் தொலைத்துவிட்டான் என்று அழுதுகொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். போனது ரூபாய் அல்ல, பிரிட்ஜ் அணி ஆட்டத்தின் புள்ளியான இம்ப் 13 என்று புரியவைப்பதற்குள் எனக்கு அஸர் தப்பிவிடும் போலிருந்தது. ஒரே சீட்டைத்தான் இரண்டு மேசையிலும் ஆடுகிறார்கள், ஒரு மேசையில் நம் ஜோடி வடக்கு-தெற்கு, இன்னொன்றில் நம் அணியின் மற்ற ஜோடி கிழக்கு-மேற்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு, ஆகவே "எனக்குச் சீட்டே வரலை" என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை, காசுக்கும் இடமில்லை என்றேன். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கினார்களே, அந்தப் பத்திரிகைத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். "அறுபது வயசுல வாங்கிக்கட்டும், இப்பப் படிக்கச் சொல்லுங்க" என்றாள். அதையும் உனக்குச் சொல்லிவிட்டேன்.

இனி உன் கைக்கு வருவோம். நாம் இருவரும் ஒன்றையே பார்க்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒருமுறை எழுதிவிடுகிறேன். நான் நம் ஊர்ப் பேச்சில் ஆட்டின், டைமன், கிளாவர் என்றே எழுதுவேன். நீ ஹார்ட்ஸ், டைமண்ட்ஸ், கிளப்ஸ் என்று படித்துக்கொள்.

நீ தெற்கு. ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 8, 6, 4. ஆட்டினில் ஒற்றை 5. டைமனில் ஏஸ், 10, 7, 3, 2. கிளாவரில் 9, 6. இரு பக்கமும் வல்னரபிள், அதாவது வரவும் அபராதமும் கூடுதல். எதிரே உன் பார்ட்னர் 1 ஸ்பேடில் தொடங்கினான். கிழக்கு 2 ஆட்டின். நீ 2 ஸ்பேட். மேற்கு ஒரே தாவில் 4 ஆட்டின். பார்ட்னர் பாஸ், கிழக்கு பாஸ். நீ 4 ஸ்பேட். மேற்கும் பார்ட்னரும் பாஸ். கிழக்கு 5 ஆட்டின். நீ 5 ஸ்பேட். மேற்கு டபுள். ஆட்டினில் ஒன்று, டைமனில் ஒன்று, கிளாவரில் ஒன்று கொடுத்து 10 பிடியோடு நின்றீர்கள். ஒன்று குறைவு, 200 போச்சு. அடுத்த அறையில் இதே உன் கையை வைத்திருந்தவன் 4 ஸ்பேட் ஆடி, எடுத்து, 620 வாங்கியிருக்கிறான். இரண்டும் சேர்ந்து 820, இம்ப் அட்டவணைப்படி 13 இம்ப்.

நீ கேட்கிற கேள்வி: "5 ஆட்டினை விட்டிருக்கணுமா, 5 ஸ்பேட் சரியா?"

விட்டிருக்க வேண்டும். ஆனால் விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டாயா? 5 ஆட்டினும் ஒன்று குறையும். ஸ்பேட் ஏஸ், டைமன் ஏஸ், கிளாவர் ஏஸ் மூன்றும் உங்களிடம். அதில் 100 வரும். அடுத்த அறையின் 620-ல் அதைக் கழித்தால் 520, அது 11 இம்ப் நஷ்டம். ஆக, இரவெல்லாம் தூங்காமல் நீ யோசித்த அந்தக் கடைசிக் கேள்வியின் விலை 2 இம்ப்தான். மீதி 11-ஐ நீ முதல் ரவுண்டில், அரை நொடிகூட யோசிக்காமல் "2 ஸ்பேட்" என்றபோதே கொடுத்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதே அதுதான். கஷ்டமான முடிவு என்று நம் முன்னால் வந்து நிற்கிறதே, அது பெரும்பாலும் முந்தின சுற்றில் சுலபமாக எடுத்த முடிவு பெற்ற பிள்ளை.

நீ ஏன் 2 ஸ்பேட் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். கையை எண்ணினாய்: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ஜாக்கிக்கு 1, மொத்தம் 8. எட்டுப் புள்ளிக்கு 2 ஸ்பேட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் சும்மா இருந்த எதிராளிக்கு எழுதப்பட்டது. இங்கே கிழக்கு வாயைத் திறந்துவிட்டான், அடுத்து மேற்கும் திறக்கப் போகிறான். அப்போது எண்ண வேண்டியது படங்களை அல்ல, துருப்பை. பார்ட்னரிடம் 5 ஸ்பேட், உன்னிடம் 5. பத்துத் துருப்பு. கூடவே எதிராளியின் சீட்டில் ஒற்றை. கேட்க வேண்டியது 4 ஸ்பேட், அதுவும் உடனே.

ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இரு தரப்பும் தங்கள் நீளமான சீட்டைத் துருப்பாக வைத்து ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளைக் கூட்டினால், இரு தரப்பிடமும் உள்ள அந்தத் துருப்புகளின் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வருகிறது. 1992-ல் லாரி கோஹென் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இதையே ஒரு புத்தகமாக எழுதி உலகமெங்கும் பரப்பினார். உன் கையிலேயே பார். உங்களுக்கு 10 ஸ்பேட், அவர்களுக்கு 10 ஆட்டின், மொத்தம் 20. பிடிகள்? நீங்கள் 10, அவர்கள் 10. இருபதுக்கு இருபது. எப்போதும் இப்படி அச்சாக வராது. மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்க்ரனும் 2004-ல் இந்த விதியை எதிர்த்தே ஒரு புத்தகம் போட்டார்கள், துருப்பின் எண்ணிக்கையைவிடக் குட்டையான சீட்டுகள்தான் பேசுகின்றன என்பது அவர்கள் கட்சி. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஐந்து வருஷம் வெர்னை நம்பு, பிறகு சந்தேகப்படு. இந்தக் கையில் இரு கட்சிக்கும் சண்டையே இல்லை. பத்துத் துருப்பும் இருக்கிறது, ஒற்றையும் இருக்கிறது.

உடனே 4 ஸ்பேட் சொல்லியிருந்தால் மேற்கின் நிலையைப் பார். அவனிடம் நாலு ஆட்டின், டைமனில் ராஜா ராணி ஜாக்கி. தனக்கும் ஆட்டின் இருக்கிறது என்று கூட்டாளிக்குச் சொல்ல அவனுக்குக் கிடைத்திருக்கும் முதல் படியே ஐந்து. அங்கே குதிக்கப் பத்துப் பேரில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவன் சும்மா இருந்தால், 6 ஆட்டினும் 5 கிளாவரும் வைத்திருந்த கிழக்கு, கூட்டாளியிடம் ஒன்றுமில்லையோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்த அறையில் நடந்தது அதுதான். உன் 2 ஸ்பேட் அவர்கள் வீட்டுக்கு இரண்டு படி கட்டிக்கொடுத்தது. மேற்கு 4 ஆட்டின் என்று சொல்லி ஆதரவைக் காட்டிவிட்டான். அதைக் கேட்டபிறகு கிழக்கு 5 ஆட்டின் போவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. உன் 620-ஐ 100 கொடுத்து வாங்கிக்கொண்டான். நன்றாக ஆடினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வியை வீணாக்குவதில் நானும் உன்னைப்போல் இருந்தவன்தான். நான் 1971-ல் நாகப்பட்டினத்தில் படகேறி, கடலில் நின்ற ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சபராளிகள் தளத்தில் பாய் விரித்து ஆடியது இருபத்தெட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1. நாலே சீட்டைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் கேள்வி என்பது வீம்பு. "பதினாலு", "பதினஞ்சு", "பதினாறு" என்று ஏறும், யாருக்கும் எதுவும் தெரிவிக்காது. பினாங்கில் வேலை செய்த கப்பல் கம்பெனி ஆபீஸில் மாலை வேளையில் பிரிட்ஜ் ஆடினார்கள். போய் உட்கார்ந்தவன் முதல் மாதம் முழுக்க அந்த வீம்போடுதான் கேட்டேன். எதிரே இருந்த வயதான சீனக் குமாஸ்தா ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் சொன்னார்: "தம்பி, இந்த ஆட்டத்தில் மொத்தம் 38 வார்த்தைதான். 35 கேள்வி, ஒரு பாஸ், ஒரு டபுள், ஒரு ரீடபுள். இவ்வளவு குறைவாக இருப்பதை நீ ஊதாரியாகச் செலவு செய்கிறாய்."

(பேச்சோடு பேச்சாக: நாம் ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் பிறந்ததும் ஒரு கப்பலில்தான். 1925-ல் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் 'ஃபின்லாந்து' கப்பலில் பனாமாக் கால்வாய் வழியாகப் போகும்போது புதிய புள்ளிக்கணக்கைப் போட்டுப் பார்த்தார். வல்னரபிள் என்பது அவர் வேலை. உன் 5 ஸ்பேடுக்கு 100-க்குப் பதில் 200 பறிபோனதற்குப் பொறுப்பாளி அவர்.)

சரி, 2 ஸ்பேடும் சொல்லியாயிற்று, 5 ஆட்டினும் வந்துவிட்டது. இப்போது என்ன? பென்சிலை எடு. மொத்தப் பிடி 20 என்றே வைத்துக்கொள். மூன்று விதமாகப் பிரியலாம்.

நீங்கள் 11, அவர்கள் 9 என்றால், 5 ஸ்பேடில் 650 வரும். ஆனால் அதை விட்டு 5 ஆட்டினை டபுள் செய்திருந்தாலும் இரண்டு குறைந்து 500 வந்திருக்கும். லாபம் 150. நீங்கள் 9, அவர்கள் 11 என்றால், 5 ஸ்பேட் டபுளில் 500 போகும், விட்டிருந்தால் 650 போயிருக்கும். அங்கும் லாபம் 150. நடுவில் இருப்பதோ 10-க்கு 10. அதில் 5 ஸ்பேட் போனால் 200 நஷ்டம், விட்டால் 100 வரவு, டபுள் செய்தால் 200 வரவு. முந்நூறோ நானூறோ வித்தியாசம். இரு பக்கமும் சளைக்காமல் ஏறிக்கொண்டே வந்த கையில் இந்த நடுப் பிரிவுதான் அடிக்கடி வாய்ப்பது. ஓரங்களில் கிடைக்கும் 150-க்காக நடுவில் 400-ஐ வைத்து ஆடுவது வியாபாரம் ஆகாது.

நாலாம் படியில் இதே கணக்கு தலைகீழாகும். அவர்கள் 4 ஆட்டின் எடுத்தால் உனக்கு 620 போகிறது. மேலே 4 ஸ்பேட் போய் டபுள் வாங்கி ஒன்று குறைந்தால் 200. எடுத்துவிட்டால் 620 வருகிறது. அதனால் 4 ஆட்டினுக்கு மேல் 4 ஸ்பேட் சொன்னதில் நான் குற்றம் காணவில்லை, சொன்ன விதத்தில்தான் காண்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன். சந்தேகம் என்றால் நாலுக்கு மேல் நாலு போ, ஐந்துக்கு மேல் ஐந்து போகாதே. எதிராளி வல்னரபிளாக இருந்து நீ இல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இரு. எதிர்மாறாக இருந்தால் வாயைக் கட்டு.

கணக்குத் தெரியாதவன் இல்லை நீ. பிறகு ஏன் 5 ஸ்பேட்? நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்திருப்பாய். நல்ல வஞ்சிரக் கூடை ஒன்றை விலை படியாமல் விட்டுவிட்ட வியாபாரி அடுத்த கூடைக்கு என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறாயா? மீனைப் பார்க்கமாட்டான். தன்னிடமிருந்து பறித்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவான். கையில் இருந்த 4 ஸ்பேடைக் கிழக்கு தட்டிப் பறித்துவிட்டான் என்ற வயிற்றெரிச்சல் உனக்கு. "கடைசிக் கையில் கோட்டை விட்டேன்" என்று நீ எழுதியிருப்பதிலேயே அது தெரிகிறது. அந்த 620 செத்துப்போனது. 5 ஆட்டின் வந்தபின் மேசையில் இருந்தது 100-ம் 200-ம்தான். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத் தெரிய வேண்டும். எனக்கே அது நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது, அதுவும் ரம்ஜான் மாதத்தில் மட்டும் நன்றாக வரும்.

இன்னொன்று. 5 ஆட்டின் வந்ததும் அடுத்த முறை உன்னுடையது என்பதால் முடிவும் உன்னுடையது என்று நினைத்துவிட்டாய். உனக்குப் பின்னால் பேச உன் பார்ட்னர் உட்கார்ந்திருந்தானே! உன் கையில் சொல்ல வேண்டியதை நீ சொல்லி முடித்துவிட்டாய். அவன் கையில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. பாஸ் என்றால் "எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நீ பார்த்துக்கொள்" என்று பொருள். அவனிடம் இரண்டு ஏஸும் எதிராளி சீட்டில் இரண்டு தோற்கும் தாள்களும் இருந்தன, அவன் ஒருபோதும் 5 ஸ்பேட் போயிருக்கமாட்டான். ஒரே கையை வைத்துக்கொண்டு 2, 4, 5 என்று மூன்று தடவை பேசுகிறவனோடு ஜோடி சேர எவனும் வரமாட்டான்.

இனி நான் கோபப்பட்ட இடம். "4 ஆட்டினுக்கு அவன் அரை நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் மாமா பாஸ் சொன்னான், அதுலதான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்று வெள்ளந்தியாக எழுதியிருக்கிறாய். மருமகனே, நீ அதைக் கேட்டிருக்கவே கூடாது. கேட்டாலும் கேளாதவனாக இருக்க வேண்டும். பார்ட்னரின் கேள்வியிலிருந்து நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவனுடைய பெருமூச்சிலிருந்தும் தாமதத்திலிருந்தும் எதையும் எடுக்கக் கூடாது. இது மரியாதைப் பேச்சு இல்லை, ஆட்டத்தின் சட்டம். கிழக்கு நடுவரைக் கூப்பிட்டு "அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் தெற்கு 4 ஸ்பேட் சொல்லியிருப்பானா?" என்று கேட்டிருந்தால், முடிவையே திருத்தியிருக்க முடியும்.

2015-ல் சென்னையில் உலக அணிச் சாம்பியன்ஷிப் நடந்ததே, அந்த வருஷம் பிரிட்ஜ் உலகம் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. பெரிய பெரிய ஜோடிகள் மீது சைகைக் குற்றச்சாட்டு. சீட்டு வைக்கும் பலகையை எங்கே வைக்கிறான், தாளை நேராகப் போடுகிறானா குறுக்காகப் போடுகிறானா என்று பழைய வீடியோக்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சில நாடுகளின் அணிகள் சென்னைக்கே வரவில்லை. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அழைப்பை ரத்து செய்தார்கள். அந்த அணி மிச்சமிருந்த நாலே பேரை வைத்து ஆடி அந்தச் சாம்பியன்ஷிப்பின் பெர்முடா பௌல் கோப்பையை வென்றுபோனது. பார்ட்னர் முகம் தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை போட்டு ஆடுகிற இடத்திலேயே இவ்வளவு நடந்திருக்கிறது. உங்கள் போட்டியில் திரை கிடையாது. திரையை நீதான் மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்.

உன்னைக் கள்ளன் என்று சொல்லவில்லை. முதலிலேயே 4 ஸ்பேட் சொல்லியிருந்தால் பார்ட்னர் யோசித்தானா தூங்கினானா என்ற பேச்சே எழுந்திருக்காது. தாமதமாக எடுத்த முடிவுக்குத்தான் இந்த அழுக்கெல்லாம் ஒட்டும். அதேபோல நீயும் யோசிக்க வேண்டியதை முதல் சுற்றில், உன் முறை வருவதற்கு முன்பே யோசித்து வை. பார்ட்னர் 1 ஸ்பேட் என்றதுமே உன் மனதில் ஓட வேண்டியது: எதிராளி ஆட்டின் சொன்னால் என்ன, டைமன் சொன்னால் என்ன, சும்மா இருந்தால் என்ன. அப்புறம் எது வந்தாலும் உன் கை ஒரே வேகத்தில் கேள்வி அட்டைகள் இருக்கும் பெட்டிக்குப் போகும். கடினமான கைக்கும் சுலபமான கைக்கும் ஒரே வேகம் வைத்திருப்பவனைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறாமை.

வாப்பா நலம். வெட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கந்தூரிக்கு வரும்போது அந்தப் பார்ட்னரையும் கூட்டிக்கொண்டு வா, அவனிடம் நீ மன்னிப்புக் கேட்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும். உன் உம்மாவிடம் அவன் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று சொல்லி வைக்கிறேன்.

அதற்குள் ஒரு கை. நீங்கள் வல்னரபிள் இல்லை, அவர்கள் வல்னரபிள். பார்ட்னர் 1 ஆட்டின், வலப்பக்கத்தவன் நேராக 4 ஸ்பேட். உன்னிடம் ஸ்பேடில் 9, 7, 3. ஆட்டினில் ராணி, 6. டைமனில் ஏஸ், ராஜா, 8, 4. கிளாவரில் ராணி, 10, 5, 2. என்ன சொல்வாய் என்று எழுது. சொல்ல எத்தனை நொடி ஆனது என்பதையும் கூடவே எழுது.

துஆவுடன்,
உன் மாமா